முந்தானையில் முடிந்த பிளக்

சூடு ஆறாத ஸ்பார்க் பிளக்கைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி முந்தானையில் முடிந்து செருகினால் இடுப்பு எப்படிச் சுடும் தெரியுமா? கூடவே பெட்ரோல் வாசம் வேறு. தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துப் போனாலும் என்மேல் அந்த வாசம்தான் வீசும்...

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான புதுசு. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக் வேலை. செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். சாவித் துவாரத்தில் ஆணியை விட்டாலும் கிளம்பிவிடும். அதனால் ஆள் நடமாட்டமுள்ள கடை முன்னால்தான் நிறுத்துவார். நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். திருடன் எத்தனை உதைத்தாலும் வண்டி முனகக்கூட முனகாது.

பிரேக் பிடிப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிற நான் சரிந்துவிடக் கூடாதென்று, தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து இரண்டு பிரேக்கையும் பதமாகப் பிடிப்பார். வண்டி நின்றதே தெரியாது.

ஆனால் ஞாபக மறதியில் அவரை அடிக்க ஆளில்லை!

ஒருநாள் அவிநாசிக்குக் கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. புடவையைச் சரிசெய்யலாமென்று இறங்கினேன். கேட் திறந்ததும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இவரும் கிளம்பிவிட்டார்... என்னை விட்டுவிட்டு!

அனுப்பர்பாளையம் வரைக்கும் வெறும் சீட்டோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார். அங்கே தெரிந்த பாத்திரக்கடைக்காரர், "ஏனுங்க, தனியாப் பேசிட்டுப் போறீங்க?" என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம்.

மண்டை காயும் வெயிலில் நின்ற எனக்கு அழுகையும் ஆத்திரமும். திரும்பி வந்தவரிடம் ஒன்றுதான் சொன்னேன்.

"இனிமே எங்க வண்டிய நிறுத்துனாலும் பிளக்கு எங்கிட்டத்தான் இருக்கோணுமுங்க."

"ஆகட்டுமுங்க அம்மிணி" என்று கையெடுத்துக் கும்பிட்டார், பாவி மனுஷன்.

அடுத்து வந்தது அவிநாசித் தேர். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒரு தள்ளுமுள்ளில் அவர் கை நழுவிவிட்டது. ஐயோ, மறுபடியும் மறந்து கிளம்பிவிட்டால்? முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். பிளக் இருந்தது. வண்டி நிறுத்திய சோடாக்கடைக்கு ஓடினேன்.

வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தார். எனக்கும் ஒரு கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்.

"போயிட்டீங்களோன்னு பயந்தே போனனுங்க..."

"பிளக்கு உங்கிட்ட இருக்கைல நான் எங்க கண்ணு போறது?"

அந்த வார்த்தையை வைத்துத்தான் இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது பையனின் பைக்கைத் தொட்டாலே ஊரைக் கூட்டுகிறது. சக்கரத்துக்கு ஒரு பூட்டு, ஹேண்டிலுக்கு ஒரு பூட்டு. பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்காமல்கூட அதுவே பார்த்துக்கொள்ளுமாம். நல்லதுதான். ஆனால் யார் ஏறாவிட்டாலும் கிளம்பிவிடுகிறது...

போன தை மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். பழைய வண்டியை விலைக்கு வாங்கியவர், "பிளக்கைக் காணமுங்களே" என்றார். "புதுசு ஒண்ணு போட்டுக்கோங்க சாமி" என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதும்போதும் அது என் முந்தானையில்தான் இருக்கிறது. சுடவில்லை.

ஏனுங்க... பிளக்கு எங்கிட்டத்தான இருக்குது. அப்புறம் எப்படிங்க கிளம்புனீங்க?