சுவருக்கு வெளியே தொங்கும் பூ

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய உறுத்தலாக இருந்தது. வாசல் புல் நேராகத் தெருவில் போய் முடிகிறது. பக்கத்து வீட்டுப் புல்லும் எங்கள் புல்லும் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. ஆனால் சனிக்கிழமை புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகும் என் கணவர் ஓர் இடத்தில் டக்கென்று திரும்பிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரரும் அந்தப் பக்கமிருந்து வந்து அதே இடத்தில் திரும்புவார். "எப்படிங்க தெரியுது?" என்று கேட்டால், "தெரியும்" என்பார், ஏதோ ஞானம் பெற்றவர் போல. கோபிச்செட்டிபாளையத்தில் என் அப்பா வீட்டுச் சுவர் ஆறடி. மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். அதற்குள் வளர்ந்தவளுக்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடு பிடிபட நாளாயிற்று.

அப்போது எனக்கு வேலை பார்க்க விசா அனுமதி இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் கிறுக்குப் பிடித்துவிடும் என்று, நூலகத்தில் கிடந்த தொண்டர் படிவம் ஒன்றை நிரப்பிப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கக் கூப்பிடுவார்கள் என்று நினைப்பு. டவுன்ஷிப்பிலிருந்து கடிதம் வந்தது. மனித உரிமை மற்றும் பன்மைத்துவ ஆலோசனைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். "சம்பளமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. நம்ம வீட்டுல எனக்கு இருக்கிற போஸ்ட் மாதிரி" என்றார் கணவர். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடுவோம். ஏழு பேர். யாராவது குறை சொல்லி வந்தால் கேட்போம். கேட்டுவிட்டு, டவுன்ஷிப் சபைக்கு ஆலோசனை எழுதுவோம். தபால் நிலையத்தில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு வேண்டும், பண்டிகை நாளில் பள்ளியில் பரீட்சை வைக்காதீர்கள், இப்படி. கேட்காமலேயே ஆளாளுக்கு அறிவுரை வழங்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு, அதற்கென்று ஒரு குழுவும் தலைவரும் கூட்டக் குறிப்பும் இருப்பது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று. இந்த நாட்டில் எனக்கு ஓட்டு இல்லை. கோபியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது, போய்ப் போடத்தான் ஆளில்லை. அந்த அறையில் மட்டும் நான் கை தூக்கினால் எண்ணினார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடையில் எங்கள் தெருமுனை வீட்டு வசந்திக்கு சிசேரியன் ஆகிக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள கோவில்பட்டியிலிருந்து அவள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா சங்கரலிங்கம் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கக் கிளைச் செயலாளராகவும் பல காலம் இருந்தவர். காலை ஆறு மணிக்கு வெள்ளை வேட்டி, வசந்தி வாங்கித் தந்த கேன்வாஸ் ஷூ, வளைந்த கைப்பிடிக் குடை சகிதம் நடக்கக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் அவரைப் போலீஸ் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரோ போன் செய்திருக்கிறார்கள். வீட்டு நம்பர் சொல்லத் தெரியாததால் தெருத் தெருவாகச் சுற்றி, வசந்தியின் காரைப் பார்த்து அடையாளம் காட்டியிருக்கிறார். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கதவைத் திறந்துவிட்டார். ஆனால் தெருவே பார்த்தது.

அன்றிலிருந்து அவர் வாசற்படி தாண்டவில்லை. நான் பார்க்கப் போனபோது சன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்டிரைக்குல என்னைய வேன்ல ஏத்துனப்போ மாலை போட்டு அனுப்புனாங்கம்மா. இங்க என்ன ஏதுன்னு தெரியாம ஏறி உக்காந்தேன். போதும், டிக்கெட்டை மாத்தச் சொல்லிட்டேன்" என்றார். அவர் போனால் அவர் மனைவியும் கூடவே போய்விடுவார். வசந்தியால் இன்னும் நிமிர்ந்து நடக்கக்கூட முடியவில்லை. அவள் சமையலறையில் நின்று அழுததைப் பார்த்து எனக்குக் கோபம் பொங்கியது. எங்கள் குழு வேறு எதற்கு இருக்கிறது? அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினேன். கிளம்பும்போது வசந்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அப்பா கவர் நிறைய பூப் பறிச்சு வெச்சிருந்தார். அந்தப் பின் தெரு ஹெலன் வீட்டுச் செடியில. அந்த மேட்டரை மட்டும் மென்ஷன் பண்ணாதீங்க, ப்ளீஸ்." நானும் எழுதவில்லை. பூசணிக்காயா என்ன, பூதானே, சோற்றில் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

குழுவின் தலைவர் டோரத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, கறுப்பினப் பெண்மணி. இந்த ஊருக்கு அவர் குடிவந்த காலத்தில் அவருடைய கணவரை மாலை நடையில் அடிக்கடி நிறுத்திக் கேள்வி கேட்பார்களாம். என் புகாரைப் படித்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. போலீஸ் துறைக்குக் கடுமையான கடிதம் ஒன்றைத் தயாரித்து, அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் கூட்ட அறிவிப்பு அனுப்பினார். அவர் அப்படி என்னை நம்பியதுதான் எனக்கு உறுத்தியது.

ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு சங்கரலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேஜைமேல் முட்டை வேகவைக்கும் டைமர் ஒன்று இருக்கும். அவர் பெயர் முதலில், ஹெலன் பெயர் இரண்டாவதாக இருந்தது. எழுபது வயது ஹெலன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக் கேட்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடத்துக்கு அளவெடுத்து நான் எழுதித் தந்த ஆங்கிலப் பேச்சை சங்கரலிங்கம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் தமிழ்லயே பேசுதேன். நீ சொல்லும்மா" என்று எழுந்தார்.

"பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட தலைவர் டோரத்தி அம்மையார் அவர்களே" என்று தொடங்கினார். உள்ளே வரும்போதே என்னிடம் எல்லாப் பெயரையும் கேட்டது இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஏழு உறுப்பினரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டார். குறிப்பெடுக்கும் பெண்ணை விடவில்லை. கதவருகே நின்ற காவல்துறைச் சகோதரரையும் விடவில்லை. நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தேன். கடைசியாகத் திரும்பி, "எதிரே அமர்ந்திருக்கும் பின் தெரு ஹெலன் அம்மையார் அவர்களே" என்றபோது டைமர் மணியடித்துவிட்டது. விஷயத்துக்கு இன்னும் வரவே இல்லை. நம் ஊர்க் கூட்டத்தில் இது வெறும் ஆரம்பம். ஒரு பெயரை விட்டால்தான் சண்டை. இங்கே விதி விதிதான். டோரத்தி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். பூ விஷயம் வெளிவராமலேயே போய்விடும் என்று எனக்கு உள்ளூர நிம்மதி, சத்தியமாக.

அப்போது ஹெலன் கையை உயர்த்தினார். "இவருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது. இவர் பெயர் எனக்குத் தெரியாது. என்னுடைய மூன்று நிமிடத்தை இவரே எடுத்துக்கொள்ளட்டும்" என்றார்.

சங்கரலிங்கம் என் பக்கம் குனிந்தார். "நான் பூப் பறிச்சேம்மா. முதல்ல அதைச் சொல்லு."

என் கண் டோரத்தி முன்னால் இருந்த கடிதத்துக்குப் போனது.

"போலீஸ்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. எங்க ஊர்ல சுவருக்கு வெளிய தொங்குற பூவை சாமிக்குப் பறிச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இங்க சுவரே இல்ல. எது உள்ள, எது வெளியன்னு எனக்குத் தெரியல. ஆனா அந்தம்மா சன்னல்ல நின்னாங்க. நான் கும்பிட்டேன். எதுக்குய்யா பறிக்கேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு." என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது. கேட்டாப் புரியும்."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். முடித்ததும், பூ விஷயம் எனக்கு முன்பே தெரியும், புகாரில் எழுதாமல் விட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். டோரத்தி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, போலீஸுக்கான கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

ஹெலன், "சாமிக்கா?" என்று கேட்டார். அந்தச் செடி அவருடைய காலமான கணவர் நட்டது. ரோஸ் ஆஃப் ஷாரன் என்று பெயர், நம் செம்பருத்திக்குச் சித்தப்பா பெண் மாதிரி இருக்கும். தினமும் காலையில் பூத்து, வாடி, உதிர்ந்து கிடப்பதைப் பெருக்கி அள்ளியே தன் இடுப்பு போகிறது என்றார். கிளையை வளைக்க அவர் குடையை ஓங்கியதுதான் கண்ணில் பட்டதாம். பயந்துபோய்ப் போலீஸுக்குப் போன் செய்துவிட்டாராம். கேட்டிருக்க வேண்டும்தான் என்றும் சொன்னார். கீழ்க்கிளைகளில் பறித்துக்கொள்ளட்டும், குடை மட்டும் வேண்டாம். மொழிபெயர்ப்பதற்கு முன்பே சங்கரலிங்கம் தலையாட்டிவிட்டார்.

அந்த வருடம் எங்கள் குழு ஒரே ஒரு பக்கத்தில் ஆலோசனை எழுதியது. வெளிநாட்டிலிருந்து வரும் பெற்றோர் வீட்டு முகவரிச் சீட்டைப் பையில் வைத்திருக்கட்டும். தெருவில் புதுமுகம் தெரிந்தால் போனை எடுக்குமுன் வாசலுக்கு வந்து பெயரைக் கேளுங்கள். ஏழு கையும் தூக்கினோம். கார் நிறுத்துமிடத்தில் டோரத்தி என் தோளில் கைவைத்து, "அடுத்த முறை பூவையும் சேர்த்து எழுது. அப்போதும் நான் கேட்டிருப்பேன்" என்றார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். சங்கரலிங்கம் டிக்கெட்டை மாற்றவில்லை. மறுநாளிலிருந்து குடையில்லாமல் நடந்தார். அக்டோபரில் அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது செடியில் பூ இல்லை, வசந்தியின் குழந்தை குப்புற விழ ஆரம்பித்திருந்தது.

ஜனவரியில் நான் கோபிக்குப் போனேன். நேரமாற்றத்தில் தூக்கம் கலைந்து விடியலில் வாசலுக்கு வந்தால், சுவருக்கு வெளியே சரசரவென்று சத்தம். கேட்டைத் திறந்தேன். நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் கவர், எங்கள் செம்பருத்திக் கிளையை எட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள். சிறுவயதிலிருந்து பார்க்கும் காட்சிதான். ஆனால் என் வாயிலிருந்து, "ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிக்கக் கூடாதுங்களா?" என்று வந்துவிட்டது.

அவள் பயப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்குப் புதுசுங்களா? இந்த வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இது என் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, அவளுக்கு எட்டாத கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டேன். கவர் நிறையப் பறித்து முடித்தவள், அதிலிருந்து இரண்டு பூவை எடுத்து, "நீங்களும் சாமிக்கு வெச்சுக்கங்க" என்று என் கையில் தந்துவிட்டுப் போனாள்.