ஜிஸோ தலையில் மஞ்சள் தொப்பி

கன்பாராவை எங்கள் தெருவில் முதுகுக்காரர் என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. ஒசாகாவின் தெற்கே, டிராம் சத்தம் கேட்கும் இந்தச் சந்துகளில் அவர் குனிந்து திறக்காத மீட்டர் மூடி கிடையாது. கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். முகத்தை எடுத்தால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம். அதனால் முதுகுகளாகவே எடுத்தார். துணி உலர்த்தும் முதுகு, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் முதுகு, கோவில் மணிக்கயிற்றை இழுக்கும் முதுகு. உருளைக்கிழங்கு மசித்துப் பொரிக்கும் என் கொரொக்கே கடைக் கண்ணாடியில் மாதத்துக்கு ஒரு படத்தை ஒட்டிவிட்டுப் போவார்.

"அண்ணே, போன மாசம் ஒட்டுனது என் முதுகாமே. என் வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியல, அவ்வளவு அகலம்" என்பாள் பக்கத்துக் கடை மீன்காரி தொகாஷி.

"அது லென்ஸ் அப்படி."

"ஆமா, லென்ஸ் மேல பழியப் போடுங்க."

ஜனவரியில் ஒரு நாள் மழையும் பனியுமாகக் கொட்டியது. சாக்கடை ஓரம் ஒரு குழந்தையின் மஞ்சள் கம்பளித் தொப்பி கிடந்ததைக் கன்பாரா பார்த்தார். கீழே கிடப்பதை எடுத்து, தொலைத்தவர் கண்ணில் படும்படி உயரத்தில் வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். வேலிக் கம்பியோ சுவர் விளிம்போ, எது அருகில் இருக்கிறதோ அதில் வைப்போம். அன்று அருகில் இருந்தது என் கடைக்கு எதிரே உள்ள ஜிஸோ கோவில்தான். கோவில் என்றால் அலமாரி அளவு மரக்கூடு. உள்ளே மேடை மேல், குழந்தைகளையும் பிறக்காமலே போன குழந்தைகளையும் காக்கும் கல் சாமி. அதன் மொட்டைத் தலையில் தொப்பியை மாட்டினார். அழகாக இருக்கவே ஒரு படமும் எடுத்தார்.

மறுநாள் அங்கே யாரோ பால் மிட்டாய் வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் ஒரு பெண் வந்து கால் மணி நேரம் நின்றாள். பிறகு தினமும் வந்தாள். நான் இரண்டாவது ஈடு பொரிக்கும் நேரம் அது. ஒரு வாரம் கழித்து இரண்டு கொரொக்கே வாங்கி, ஒன்றைச் சாமிக்கு வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஆறு வருஷம் ஆச்சு. வயித்துலயே, ஏழாம் மாசத்துல போயிடுச்சு. பின்னி வச்சா கண்ணு படும்னு ஒரு தொப்பிகூட நான் பின்னல. இப்ப யாரோ அதுக்குக் குளிரும்னு நெனச்சு மாட்டிவிட்டிருக்காங்க. யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். கன்பாரா என்று சொல்ல எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை.

சாயங்காலம் கன்பாராவிடம் சொன்னேன்.

"நான் சும்மா மாட்டினேன் தங்கச்சி. தொலைச்சவங்க எடுத்துக்கட்டும்னு."

"சொல்லிடுங்க அண்ணே."

"சொன்னா அது போயிடுமே, அவங்க நெனச்சுக்கிட்டிருக்கிறது. சொல்லலன்னா ஏமாத்துறேன். எது பாவம்?"

பதினைந்து நாள் இதையே கேட்டுக்கொண்டு அலைந்தார். சாமிக்கு உரியது என்று ஊரே நினைத்துவிட்ட தொப்பியைக் கழற்றவும் அவருக்குக் கை வரவில்லை. அந்தக் குழப்பத்திலேயே, மாதம் பிறந்ததும் வழக்கம்போல அந்தத் தொப்பிப் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

அதைப் பார்த்துத்தான், கன்பாரா கடையில் இருந்த நேரம், டிராம் தண்டவாளத்துக்கு அப்பால் குடியிருக்கும் நொசாவா வந்தாள். சைக்கிளின் பின் இருக்கையில் மூன்று வயது மகள்.

"ஐயா, இது எங்க பாப்பாவோடது. வேற எதப் போட்டாலும் பிடுங்கி எறியுறா. காது வலின்னு ராத்திரியெல்லாம் அழுகை."

கன்பாரா தெருவைக் கடந்து போய், ஜிஸோவை வணங்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். திரும்பியபோது, தினமும் சாமியிடம் வரும் அந்தப் பெண் எதிரே நின்றிருந்தாள், கையில் மிட்டாயோடு.

அவர் இருவருக்கும் குனிந்து குனிந்து வணங்கி, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினார். கேட்டதும் நொசாவா பின்வாங்கினாள்.

"ஐயோ, தெரியாம கேட்டுட்டேன். சாமிகிட்டயே இருக்கட்டும்."

"இல்லைங்க, குழந்தையோடது. எடுத்துக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

"நீங்க வச்சுக்குங்க."

"உங்களோடதுதான்."

இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். தொப்பி கன்பாரா கையிலேயே இருந்தது. தொகாஷி மீன் கத்தியோடு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போனாள்.

கடைசியில் அந்தப் பெண் கேட்டாள். "எதுக்கு அத எடுத்து வச்சீங்க?"

"ஏதோ ஒரு குழந்தைக்குக் குளிருமேன்னு..."

"நானும் அப்படித்தானே நெனச்சேன்."

தொப்பியை அவளே வாங்கிப் பாப்பாவின் காது மூடும்வரை இழுத்துவிட்டாள். பாப்பா மூக்கைச் சுளித்தது.

"ஊதுபத்தி நாத்தம்."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. நொசாவா நாலு முறை வணங்கிவிட்டு சைக்கிளை மிதித்தாள்.

"அவங்களுக்கு நான் நல்லது பண்ணேனா, கெடுதல் பண்ணேனா?" என்று கன்பாரா அன்று என்னிடம் மூன்று முறை கேட்டார். நான் சூடாக ஒரு கொரொக்கேயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை.

மறுநாள் இரண்டாவது ஈடு பொரிக்கும்போது அந்தப் பெண் வந்தாள். மொட்டைத் தலை ஜிஸோவுக்கு முன்னால் எப்போதும் நிற்கும் அதே கால் மணி நேரம் நின்றாள். கன்பாரா சந்து முனையில் ஒரு மீட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்தபடி இருந்தார். கேமராவைத் தொடவில்லை. மீட்டரைக் குறித்துக்கொள்ளவும் இல்லை.