இரைச்சலை நீக்கிய பிறகு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இளம்பிள்ளையில் இது அதிசயமில்லை. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் மேசைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர் நடுங்கும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் எனக்கு அது சத்தமாகவே தோன்றுவதில்லை. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் காதில் அது எப்படி விழுகிறது என்று தெரிந்தது. சென்னையிலிருந்த எங்கள் மேலாளர் ஒவ்வொரு அழைப்பிலும், "மில்லுக்குள்ள உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்தான் என்னை அந்தத் தம்பியோடு ஜோடி சேர்த்துவிட்டார். சொந்தத் தம்பி இல்லை. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவன், என்னை அக்கா என்று கூப்பிடுபவன். நாமக்கல் பக்கத்தில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை. ஒரே புரோகிராமை இருவரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, ஒருவர் எழுத மற்றவர் கூடவே படித்துத் திருத்த வேண்டும். அவன் அங்கே, நான் இங்கே. நேரில் ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை.

இருவருக்கும் பொதுவான கம்ப்யூட்டரை முதலில் என் வீட்டில்தான் வைத்தோம். இரண்டே நாளில் கரண்ட் போய், பாதி எழுதியது எல்லாம் அம்போ. "எங்க பண்ணையில வெச்சுக்கலாங்க்கா. கோழி இருக்கற எடத்துல கரண்ட் போக உடமாட்டோம்" என்றான். பண்ணையை ஒட்டிய அறையில்தான் அவன் உட்கார்ந்து வேலை பார்த்தான். அறைக்கு இன்வெர்ட்டர், ஷெட்டுக்குக் கரண்ட் போனால் தானாக எடுக்கும் ஜெனரேட்டர். நான்கு பக்கமும் மூடிய ஷெட் அது. பெரிய பெரிய ஃபேன்கள் ஒரு முனையில் ஓயாமல் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் அவை நின்றால் கொஞ்ச நேரத்தில் கோழிகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

"அப்புறம் அலாரம் வெக்கலயா?" என்று கேட்டேன்.

"அப்பா வேண்டாம்னுட்டாருங்க்கா. எங்க ஊட்டுல எல்லாருக்கும் காதுதான் அலாரம். ராத்திரி ஃபேன் நின்னா அந்த நிமிசமே அம்மா எந்திரிச்சிரும்."

பெங்களூர் போகாமல் ஊரிலேயே இருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்க அவனுடைய அப்பா சம்மதித்ததே ஒரு பேச்சின் மேல்தான். எது வேண்டுமானாலும் செய்துகொள், காது மட்டும் ஷெட்டில் இருக்க வேண்டும். அவன் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

எல்லாவற்றையும் அமைத்து முடித்தபோது திரையில் என் கர்சர் பச்சையாகவும் அவனுடையது ஆரஞ்சாகவும் தெரிந்தன. நான் எழுதிய வரிக்குள் ஆரஞ்சு நிறம் தானாக நுழைந்து ஓர் எழுத்தை அழிக்கும். நான் போடும் கோலத்தில் வேறொருத்தி குனிந்து புள்ளி வைப்பதுபோல் முதல் சில நாள் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பழகாதது சத்தம்தான். அவன் பக்கம் ஃபேன்களின் இரைச்சல், என் பக்கம் தறி. "என்னங்க்கா? என்னங்க்கா?" என்று அவன் கத்த, நான் கத்த, வேலை நடந்த மாதிரிதான். மேலாளர் சலித்துப்போய் வெளிச்சத்தம் நுழையாத, வயரில்லாத ஹெட்போன் இரண்டு அனுப்பினார். ஹெட்போன் மாட்டியவர் பேச்சை மட்டும் உள்ளே விட்டு மற்ற எல்லாவற்றையும் வடிகட்டும் வசதியையும் இரு பக்கமும் போடச் சொன்னார். போட்டோம்.

"அக்கா! தறியவே காணமுங்க!"

"உன் ஃபேனும்தான் காணோம்."

அன்று எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அத்தனை தெளிவாக அவன் குரல். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

அந்த வாரமே ஒன்று நடந்தது. அவன் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். திரை ஓரத்துச் சின்ன வீடியோப் படத்தில், அவனுக்குப் பின்னால் அவனுடைய அம்மா வந்து நின்றார். கையில் டீ டம்ளர். அவர் வாய் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனும் திரும்பவில்லை. "தம்பி, அம்மா கூப்பிடறாங்க பாரு" என்று இளம்பிள்ளையிலிருந்து நான் சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் தலையிலிருந்த ஹெட்போனைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார். அதுவும் வடிகட்டியில் போய்விட்டது. என்ன சொன்னார் என்று கேட்க நினைத்தேன். ஆனால் கையில் வேலை இருந்தது.

அவனுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் ஷெட்டின் முனையில் கம்பி கட்டி, காலியான தீவனச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபேன் காற்றில் அவை எந்நேரமும் படபடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தமில்லாமல் ஆடும். பதில் எழுத நேரமாகும்போதெல்லாம் நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அது சித்திரை வெயில். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வேலைக்காரர்கள் கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். கோழிகள் முழு எடைக்கு வந்து, லாரிக்குக் காத்திருந்தன. இதையெல்லாம் அவனே காலையில் சொன்னான். "காது பத்திரம்னு நூறு தடவ சொல்லிட்டுப் போயிருக்காருங்க்கா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டினான்.

நாள்கணக்கில் எங்களைப் படுத்திய ஒரு பிழை அன்று பிடிபட்டது. அவன் எழுத எழுத நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பச்சையும் ஆரஞ்சும் ஒன்றையொன்று துரத்தின. நானும் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு பொழுது வாய்த்ததில்லை. நடுவில் அவன் புரோகிராமில் ஒரு பெயரைத் தட்டிக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏன் தம்பி, சாக்கு இன்னிக்கு ஆடவே இல்ல?"

சும்மாதான் கேட்டேன். அவன் திரும்பினான். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றாமலே ஓடினான். அதனால் அவனுடைய மூச்சு என் காதுக்குள்ளேயே ஓடியது. கதவு திறந்ததோ, கோழிகள் கத்தினவோ, எதுவும் வரவில்லை. பேச்சை மட்டும் விடும் அந்த வசதி, அவனை மட்டும் எனக்கு விட்டது. "அய்யோ... அய்யோ சாமி... எந்திரிங்க, எந்திரிங்க..." என்றான். யாரிடம் சொல்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தூரம் அதிகமாகி அந்தக் குரலும் அறுந்துவிட்டது.

அவனுடைய செல்லுக்குக் கூப்பிட்டேன். அது அவன் மேசையிலேயே சத்தமில்லாமல் வெளிச்சம் காட்டியதைத் திரையில் பார்த்தேன். அந்த ஊரில் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. பாதியில் நின்ற பெயருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் எங்கள் பொதுவான கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் என் வீட்டுக்கு வரும்படி செய்து வைத்திருந்தேன். ஒரு ஆளை அங்கே அனுப்ப எனக்கு வழியில்லை. அசையாத சாக்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டரின் பேட்டரி இறங்கிப்போனதால் அது தானாக எடுக்கவில்லை. எத்தனை மிஞ்சியது என்று நான் கேட்கவில்லை. மிஞ்சியதைப் பற்றி மேலாளர் கேட்டபோது, குழி தோண்ட ஜே.சி.பி. வந்திருக்கிறது என்று மட்டும் அவன் பதில் போட்டிருந்தான்.

சில நாள் கழித்து அந்த ஆரஞ்சு நிறம் திரையில் மறுபடி தெரிந்தது. அவசரமாக ஹெட்போனை மாட்டினேன். படத்தில் அவன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். நாற்காலியில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை அவரே மாட்டியிருந்தார். பின்னால் சாக்குகள் அசையாமல் தொங்கின. ஷெட்டில் இனி ஃபேன் ஓட வேண்டிய அவசியமில்லை.

"ஏனுங்க, அன்னிக்குச் சத்தம் நின்னது உங்களுக்கும் கேக்கலீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கேக்கலைங்க."

அவர் தலையைச் சாய்த்து, ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கவனித்தார்.

"உங்கூட்டுக்குப் பக்கத்துல தறி ஓடும்னு பையன் சொன்னானுங்க. இன்னிக்கு லீவுங்களா?"

என் மேசையில் டம்ளர் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தேன். சுவரும் அதிர்ந்தது.

"ஓடுதுங்க" என்றேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.