மாதிரி ஓலை

மாமா வேலை பார்க்கும் லாரி எடைமேடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அங்கே பிரிண்டர் கரகரவென்று ரசீது அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சேரப்பணஞ்சேரி சர்ச் ஆபீசிலும் இதே சத்தம். கம்ப்யூட்டரில் சபைக் கணக்கும் கடிதமும் பழக்கிய வகுப்பில், கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் வாசிக்கும் அறிவிப்பு ஓலைக்கு ஒரு மாதிரி அடிக்கச் சொன்னார்கள். என் அக்கா மெர்சி தன் பெயரோடு, எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த, கம்பெனியில் வேலை பார்த்த செல்வின் பெயரைச் சேர்த்து அடித்தாள். அந்தத் தாள் ஞாயிறு அறிவிப்புகளில் கலந்துவிட, போதகர் அதையும் வாசித்து, “ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்” என்றார்.

அப்பா எழுந்தார். “இன்னா பாஸ்டர், பெத்தவன் நானே இப்பத்தான் கேக்குறேன்.”

அக்கா முக்காட்டுக்குள் ஒளிந்தாள். பின்வரிசையில் செல்வின் மெல்ல எழுந்தார்.

“எனக்கு ஆட்சேபனை இல்லய்யா.”

இப்போது செல்வின் மாமா டிபன்பாக்ஸைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

“ஏட்டி, ஒங்கக்கா குழம்புக்கு மட்டும் ஆட்சேபனை உண்டு.”