விரல் நொடிக்கிற நேரம்

நொடி என்றால் கடிகாரத்தில் ஓடுகிற மெல்லிய முள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடிகாரத்துக்கு வெகுகாலம் முன்பே நொடி வந்துவிட்டது. நடுவிரலைக் கட்டைவிரலில் வைத்துச் சொடுக்குகிறோமே, அதற்கு ஆகிற நேரம்தான் நொடி. நினைத்தால் கால், ஊன்றினால் அரை, முறுக்கினால் முக்கால், விட்டால் ஒன்று என்று அதையும் கூறு போட்டிருக்கிறார்கள் பழைய இலக்கணக்காரர்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

எங்கள் பட்டறையில் தகடு அழுத்துகிற ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பேர். ஒருவர் தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்ததும் விரலை நொடிப்பார். அதைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் இருப்பவர் பெடலை மிதிக்க வேண்டும். பெடல் பக்கத்திலிருந்து கை தெரியாது. அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. நொடிக்கிற சத்தம் பழகின காதுக்குக் கேட்கும்.

என் பக்கத்து பிரஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும். அவர் தகடு, அவள் பெடல். "வீட்டுல அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டே, இங்க ஒரு சொடுக்குக்கு ஓடுறியே" என்று அவளைக் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள்.

அன்று நொடித்தது வேறொரு பிரஸ்காரன். அவள் மிதித்துவிட்டாள். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

தப்பு யார் மேலோ அவருக்கு வேலை கிடையாது என்றார் முதலாளி. கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார் அவர். "நான்தான் சார். அவசரத்துல வலது கைய எடுக்காமலே இடது கையால நொடிச்சுட்டேன்."

அவள் வேலை தப்பியது. எனக்கு அவள் புருஷன் மேல்தான் கோபம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இன்னும் அதே பெடலில் நிற்கிறாள்.

ஒருநாள் வீட்டில் கேட்டே விட்டாளாம். என்னிடம் அவளே சொன்னது.

"நீங்க நொடிக்கலதானே?"

"நொடிச்சேன்."

"இடது கையாலயா? எங்கே, இப்ப நொடிச்சுக் காட்டுங்க."

அவர் இடது கை விரல்களைச் சேர்த்து அழுத்தித் தேய்த்தாராம். சத்தம் வரவில்லை. மறுபடியும் தேய்த்தாராம்.

"அன்னைக்கு வந்துச்சு" என்றாராம்.