கிணற்று மண்ணும் எண்ணெய்க்காரன் சன்னாசியும்

தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சன்னாசிக்கு எண்ணெய் தெளிக்கிற வேலை. கொசு முட்டையிடும் கால்வாய்களில் எல்லாம் மலேரியா எண்ணெய் அடிக்க வேண்டும். 1921இல் முதுகில் எண்ணெய்த் தகரத்தை மாட்டியவன், ஏழு வருஷமாக இறக்கவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கை நாற்றம் போகாது. பெண்சாதி மங்களம் அவனுக்கென்று தனித்தட்டு வைத்திருந்தாள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் குறைந்தது. அதற்காக ஒருத்தராவது அவனுக்கு நல்ல வார்த்தை சொன்னார்களா? மூச்!

ஏழாவது வருஷம் லயத்துக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை வந்தது.

"வேற யாரு? இந்தப் பயதான் தகரத்தைக் கிணத்துல கழுவியிருப்பான்!" என்றது லயத்துச் சனம்.

கங்காணி சின்னையா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள நீ செய்யலைன்னு காட்டு. இல்லேன்னா மூட்டையக் கட்டு லா."

கிணற்றுக்கு மேலே, சரிவில் எஞ்சின் கொட்டகை. அங்கே பூமிக்குள் எண்ணெய்த் தொட்டி. அதுதான் ஒழுகுகிறது என்று சன்னாசிக்குச் சந்தேகம். கிணற்றிலிருந்து கொட்டகை வரை ஏழு குழி தோண்டினான். ஏழு கொட்டாங்கச்சியில் மழைத்தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு குழி மண்ணையும் கையால் நுணுக்கிப் போட்டான். மண்ணில் எண்ணெய் இருந்தால் மேலே கலர் கலராக ஏடு படியும். ஏழிலும் படிந்தது.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். கூடவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெரியநாயகம். தொட்டி ஒழுகுவது மூன்று மாதமாக அவருக்குத் தெரியும். துரையிடம் சொல்லாமல் மறைத்த புண்ணியவான். சன்னாசி ஏழு கொட்டாங்கச்சியையும் துரைக்குக் காட்டினான்.

"சரி சன்னாசி, தொட்டிக்கும் மேல, எண்ணெய் ஏறாத அந்த மேட்டுல ஒரு பிடி எடுத்துப் போடு, பாப்போம்" என்றார் பெரியநாயகம்.

போட்டான். அதிலும் ஏடு மிதந்தது. கூட்டம் சிரித்தது. அட பாவி மனுஷா! ஏழு வருஷ எண்ணெய் நகக்கண்ணில் ஊறிக் கிடக்க, அந்தக் கையாலேயா மண்ணைத் தொடுவாய்? அந்த வாடைக்கு அவன் மூக்கு எப்போதோ மரத்துப் போயிருந்தது.

மங்களம்தான் புரிந்துகொண்டாள். அவனைத் தள்ளிவிட்டு, மேட்டு மண்ணைத் தன் கையால் எடுத்துப் போட்டாள். தண்ணீர் தெளிவாக நின்றது. ஓடிப்போய்க் கொட்டகை மண்ணை அள்ளிப் போட்டாள். ஏடு படிந்தது.

"தொரை! இதப் பாருங்க தொரை!"

துரை மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டிருந்தார். பெரியநாயகம் இரண்டு கொட்டாங்கச்சியையும் செருப்புக் காலால் கவிழ்த்தார். "போதும், போம்மா."

சுற்றி நின்ற நாற்பது பேரும் பார்த்தார்கள். சின்னையாவும் பார்த்தார். ஒரு வாய் திறக்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிறவர் பெரியநாயகம் அல்லவா! தூ!

அன்று மத்தியானமே சன்னாசிக்குச் சீட்டுக் கிழித்தார்கள். புருஷனும் பெண்சாதியும் பத்து காஜா ஊருக்குப் போகிற ரோட்டில் நடந்தார்கள்.

கிணற்று வாடை குறையவில்லை; மாதத்துக்கு மாதம் கூடிற்று. லயத்துச் சனம் துணியில் வடிகட்டிக் குடித்தது. புதிதாக வந்தவர்கள் என்ன வாடை என்று கேட்டால், அந்த நாற்பது பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"சன்னாசின்னு ஒரு பய இருந்தான். அவன் செஞ்ச வேலை."