ஈரச் சாக்கு

காட்டுப்பள்ளி வேலையை விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கடந்துபோன மீன் வண்டியிலிருந்து ஈரச் சாக்கின் வாடை அடித்ததும், இப்போது லாரிகள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த ராயபுரத்துத் தகரக் கொட்டகையும், ஐஸ் உடைக்கும் சத்தமும், கூடைகளுக்கு அடியில் ஓயாமல் சொட்டிய தண்ணீரும் நினைவுக்கு வந்தன.

போர்த்திக்கொண்டால் எனக்குச் சூடாகிறது, ஐஸுக்கும் அப்படித்தானே என்று, சின்ன வயதில் ஒருநாள், அந்தக் கொட்டகையில் மீன் விற்ற அம்மாவின் கூடை மேலிருந்த சாக்கை எடுத்துவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மதியத்துக்குள் ஐஸ் கரைந்து, வஞ்சிரம் நாறியது.

“எவடி சாக்க எட்தது?” என்று அம்மா கத்தினாள். நான் பக்கத்துக் கூடைக்கார ஸ்டெல்லா அத்தையைக் கைகாட்டினேன்.

“சாக்க எட்தா ஐஸு கரைஞ்சிடும்னு எனக்குத் தெரியாதா மல்லிகா?” என்று அத்தை அம்மாவிடம் கேட்டாள்.

“தெரிஞ்சிதான் எட்துகீற!”

வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுப்பதே சாக்குதான் என்று அங்கே தெரியாதவன் நான் ஒருவன்தான். அவர்களுடைய சிநேகம் அன்றோடு முடிந்தது. கொட்டகையை இடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

மீன் வண்டி கடந்துபோனதற்கு மறுநாள் காலை, தண்டையார்பேட்டை ஐஸ் கிடங்கில் வேலை கேட்டேன்.

“ஐஸ மூடத் தெரியுமா நைனா?” என்றார் மேஸ்திரி.

தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.